வாசகர் கேள்வி: வெறும் ராஸ்பெரி பை ட்ரோனைப் பறக்கவைக்குமா?

கேள்வி: என்னிடம் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் ட்ரோனை ஓட்டும் மென்பொருளான ஆர்டுபைலட்டைப் போட்டு, நான்கு ஈஎஸ்சிகளின் (மோட்டார் வேகக் கட்டுப்படுத்திகளின்) சிக்னல் வயர்களையும் பையின் ஊசிகளில் நேரே கொடுத்தால் போதாதா? பறப்பைக் கட்டுப்படுத்தும் தனிப் பலகையான பிளைட் கன்ட்ரோலருக்கு வேறு ஏன் செலவு? (வாசகர், ஹட்டன்)

பதில்: போதாது. ஆர்டுபைலட் லினக்ஸில் ஓடும் என்பது உண்மைதான். பீகிள்போன் புளூ என்ற கணினிப் பலகையிலும், நேவியோ2 என்ற துணைப் பலகை பொருத்திய பையிலும் அது ஓடுகிறது. ஆனால் அவற்றில் கைரோ (சுழற்சியை அளப்பது), பாரோமீட்டர் (காற்றழுத்தத்தால் உயரத்தை அளப்பது), மோட்டார் துடிப்புகளை உருவாக்கும் தனி வன்பொருள் எல்லாம் இருக்கின்றன. உங்கள் பையின் ஊசிகளில் அப்படித் துல்லியமான பிடபிள்யூஎம் (மோட்டார் துடிப்பு) தடங்கள் இரண்டே இரண்டு. கொப்டரின் (பல புரொப்பெல்லர் ட்ரோனின்) மென்பொருளில் பிரதான கணக்குச் சுற்று செக்கனுக்கு 400 தடவை ஓட வேண்டும், அதாவது ஒரு சுற்றுக்கு 2.5 மில்லிசெக்கன். சாதாரண லினக்ஸ் நடுவில் மெமரி கார்டில் எதையாவது எழுதப் போனால் அந்த நேரம் தவறும். மேசையில் இது தெரியாது, காற்றில் தெரியும்.

ஆகவே, பறக்கும் வேலையை எஸ்டிஎம்32 சில்லுள்ள ஒரு சிறு கன்ட்ரோலரிடம் விட்டுவிடுங்கள். கெமரா, தகவல் தொடர்பு, பாதைக் கணக்கு ஆகியவற்றைப் பை பார்க்கட்டும்.

இணைப்பு மூன்று வயர்தான். பையின் 8ஆம் ஊசி (அனுப்புவது) கன்ட்ரோலரின் டெலம்2 (தகவல் தொடர்பு சொக்கெட்) வாங்கும் ஊசிக்கு, 10ஆம் ஊசி அதன் அனுப்பும் ஊசிக்கு, 6ஆம் ஊசி கிரவுண்டுக்கு. டெலம் சொக்கெட்டில் வரும் 5 வோல்ட் வயரைப் பைக்குக் கொடுக்காதீர்கள். பை 4க்கு 5 வோல்ட், 3 அம்பியர் தரும் தனி பெக் (பற்றரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சாதனம்) வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் பை வேகத்தைக் குறைக்கும், சிலவேளை நடுவானில் ரீஸ்டார்ட் ஆகும்.

கன்ட்ரோலரில் சீரியல்2 புரோட்டோகோலை 2 என்றும், போட் வேகத்தை 921 என்றும் வையுங்கள். பையில் ராஸ்பை-கொன்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து சீரியலில் லொகின் ஷெல்லை நிறுத்தி, சீரியல் வன்பொருளை மட்டும் இயக்குங்கள். பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. பை 4இல் நல்ல சீரியல் போர்ட்டைப் புளூடூத் பிடித்துக்கொண்டு, மினி யுஆர்ட் என்ற எளிய சீரியல் போர்ட்டை ஊசிகளுக்கு விட்டிருக்கும். அதன் வேகம் சில்லின் கடிகாரத்தோடு மாறுவதால் 921600இல் எழுத்துகள் சிதையும். கொன்ஃபிக் கோப்பில் புளூடூத்தை முடக்கும் ஓவர்லே வரியைச் சேர்த்து ரீபூட் செய்யுங்கள்.

பிறகு பையில் மேவ்புரொக்ஸியை (ட்ரோன் தகவலை வேறு கணினிக்குக் கடத்தும் நிரல்) ஓட்டி, லெப்டொப்பின் ஐபிக்கு 14550 போர்ட்டில் அனுப்புங்கள். லெப்டொப்பில் ட்ரோனைக் கண்காணிக்கும் மிஷன் பிளானரில் ஒன்றும் வராவிட்டால் முதலில் லெப்டொப்பின் ஃபயர்வோலைப் பாருங்கள். அடுத்ததாக ஐபி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். போன் ஹொட்ஸ்பொட்டில் இது வழக்கம். சோதனை முடியும்வரை மோட்டாரில் புரொப்பெல்லர் இருக்கக் கூடாது.

கேள்வி: கொழும்பில் நன்றாக நின்ற கொப்டர், நுவரெலியாவில் அதிகம் திரொட்டில் கேட்கிறது. பற்றரியும் சீக்கிரம் இறங்குகிறது. ஃபர்ம்வேரில் (கன்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருளில்) பிழையா? (வாசகி, நுவரெலியா)

பதில்: இல்லை, காற்றில்தான் வித்தியாசம். கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு. அதே பாரத்தைத் தூக்க மோட்டார் சுமார் 10 சதவீதம் கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும். பாரத்தைக் குறையுங்கள், அல்லது மோட்டார் தாங்குமானால் ஒரு அளவு பெரிய புரொப்பெல்லர் போடுங்கள். ஹொவர் திரொட்டிலை (ஒரே இடத்தில் மிதக்கத் தேவையான அளவை) ஃபர்ம்வேர் தானே கற்றுச் சேமிக்கும்படி, ஹொவர் லேர்ன் அமைப்பு 2இல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்: ஆர்டிஎல் உயரம், அதாவது ட்ரோன் தானே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்போது பறக்கும் உயரம். அது புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. வழக்கமான அமைப்பு 1500 சென்டிமீட்டர், அதாவது 15 மீட்டர். லயத்துக்குப் பக்கத்தில் கிளப்பி மலையேற்றத்தில் அனுப்பினால், திரும்பும் வழியில் தேயிலைச் சரிவோ நிழல் மரமோ அதைவிட உயரமாக நிற்கலாம். பறக்கும் பகுதியில் மிக உயர்ந்த மேட்டையும் அதன்மேல் மரத்தையும் கூட்டி, இன்னும் 20 மீட்டர் சேர்த்து வையுங்கள். பனிமூட்டம் இறங்கினால் பறக்கவிட வேண்டாம். பாரோமீட்டர் சில்லின்மேல் கறுப்பு ஸ்பொஞ்சுத் துண்டு ஒன்று இருக்கட்டும். வெயிலும் காற்றும் நேரே பட்டால் உயரக் கணக்கு குதிக்கும்.

கேள்வி: பற்றரியைக் கழற்றியதும் சில நாட்களில் பை பூட் ஆவதில்லை. (வாசகர், பண்டாரவளை)

பதில்: எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மெமரி கார்டு கெடும். ஷட்டவுன் கொடுத்து, பச்சை விளக்கு அணைந்தபின் கழற்றுங்கள். முடியாதென்றால் ராஸ்பை-கொன்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்குங்கள்; அப்போது கார்டில் எதுவும் எழுதப்படாது. ஆனால் பறப்புப் பதிவுகளுக்கு வேறொரு யுஎஸ்பி பென் வைக்க வேண்டிவரும்.