கார் ரேடியோவுக்கு மாதச் சந்தா கட்டலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலம் மிட்லாண்டில் இருக்கிறேன். எண்ணெய்க் கிணறு வேலை. வாரத்தில் நான்கு நாள் பேகோஸ் தாண்டி ஓர்லா பக்கம் காரில் போய்வர வேண்டும். போக, வர நாலரை மணி நேரம் ஆகிறது. பழைய கார் ஒன்று வாங்கியபோது சிரியஸ் எக்ஸ்எம் சேட்டிலைட் ரேடியோ மூன்று மாதம் இலவசமாக வந்தது. அது இந்த மாதத்தோடு முடிகிறது. சந்தா கட்டச் சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம் வருகிறது. பேகோஸைத் தாண்டினால் ஃபோனில் சிக்னல் நிற்பதில்லை, ரேடியோ மட்டும் பாடிக்கொண்டே இருக்கிறது. இரவில் திரும்பும்போது பேஸ்பால் வர்ணனை கேட்பேன், பிபிசி செய்தி கேட்பேன், எப்போதாவது எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டு. தமிழ்ச் சேனல் எதுவும் அதில் எனக்குக் கிடைக்கவில்லை. "ஃபோனில் இல்லாத பாட்டா? எதற்கு மாதாமாதம் தண்டம்?" என்கிறாள் மனைவி. கோயம்புத்தூரில் அப்பா வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற சேட்டிலைட் ரேடியோ வாங்கி ஆசை ஆசையாய்க் கேட்டார், அது ஒருநாள் நின்றேபோனது. அந்த பயமும் இருக்கிறது. அந்த ரிசீவர் இன்னும் வீட்டு அலமாரியில் கிடக்கிறது, அதற்கு ஏதாவது பயன் உண்டா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புத் தம்பிக்கு,

கணக்கை உங்கள் சாலையிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பக்கத்து நிலம் எனக்குக் கொஞ்சம் தெரியும். நானும் என் கணவரும் பக்கத்து நியூ மெக்சிகோவில் ஆறு வருடம் இருந்தோம். ஒரு எஃப்.எம். நிலையம் தேய்ந்து மறைந்த பிறகு அடுத்தது கிடைக்கும்வரை வெறும் இரைச்சலோடு ஓட்டிய மைல்கள் நிறைய.

மிட்லாண்டிலிருந்து பேகோஸ் வரை ஐ-20 நெடுஞ்சாலையில் ஃபோன் ஓரளவு வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த நேரத்துக்கு உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஃபோனில் இருக்கிற பாட்டையே காரில் கேட்டுக்கொள்ளலாம். சாதாரணத் தரத்தில், அதாவது 128 கிலோபிட் வேகத்தில் ஸ்ட்ரீமிங் செய்தால் மணிக்கு 58 எம்.பி. அளவில்தான் டேட்டா செலவாகும். இதற்காக யாரும் தனிச் சந்தா கட்டத் தேவையில்லை.

பேகோஸிலிருந்து வடக்கே 285 சாலையில் திரும்பியதும் கதை மாறுகிறது. உங்கள் கடிதப்படி அங்கே உங்களோடு வருவது சேட்டிலைட் ரேடியோ ஒன்றுதான். போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம் என்று வைத்தால், மாதம் 16 நாளுக்கு 32 மணி நேரம். சந்தாவை இந்த 32-ஆல் மட்டும் வகுத்துப் பாருங்கள், காரில் இருக்கும் மொத்த நேரத்தால் வகுக்க வேண்டாம். வேறு வழியில் கிடைக்காததற்குத்தானே காசு கொடுக்கிறோம்? மாதம் 25 டாலர் என்றால் மணிக்கு 78 சென்ட். 8 டாலர் என்றால் 25 சென்ட். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

இந்த ரேடியோ அங்கே ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது புரியும். எஃப்.எம். நிலையத்தின் வீச்சு கோபுரத்திலிருந்து ஐம்பது, அறுபது மைலில் முடிந்துவிடும். உங்கள் சேட்டிலைட் ரேடியோ சிரியஸ், எக்ஸ்எம் என்ற இரண்டு கம்பெனிகள் ஒன்றானது. அதில் பழைய எக்ஸ்எம் பக்கத்துச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றுகின்றன. அமெரிக்காவிலிருந்து பார்த்தால் அவை தெற்கு வானத்தில் இருக்கும். காரின் கூரையில் இருக்கும் சின்ன ஆன்டெனாவுக்கு அந்தத் தெற்கு வானம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மலைச்சரிவு, அடர்ந்த மரங்கள், பாலம், மாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடம் எல்லாம் அதை மறைக்கும். பெரிய நகரங்களில் கட்டடங்கள் மறைப்பதால் தரையிலும் துணைக் கோபுரங்கள் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஓர்லா பக்கமோ கண்ணுக்கு எட்டியவரை சமவெளி, முழு வானமும் திறந்து கிடக்கிறது. இந்த ரேடியோவுக்கு அதைவிட நல்ல இடம் அமைவது கஷ்டம்.

குறையையும் சொல்ல வேண்டும். கிடைத்திருக்கும் குறுகிய அலைவரிசைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சேனல்களை அமுக்கி அனுப்புகிறார்கள். அதனால் ஒலி மெலிந்துதான் வரும். ஃபோனில் டவுன்லோடு செய்த பாட்டை ஒருமுறையும், அதே பாட்டை இந்த ரேடியோவில் ஒருமுறையும் கேட்டுப் பாருங்கள், டிரம்ஸோடு வரும் சிம்பல் தட்டின் ஓசையிலேயே வித்தியாசம் தெரியும். இசைக்காக மட்டும் சந்தா கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதுவும் தமிழ்ப் பாட்டு கேட்கும் ஆளாக இருந்தால் இரண்டு முறை வேண்டாம் என்பேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வைஃபையில் அந்த வாரத்துக்கான பாட்டையும் தமிழ்ப் பாட்காஸ்ட்டையும் டவுன்லோடு செய்துகொண்டால் 285-இல் டவர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஆனால் நீங்கள் முதலில் எழுதியது பேஸ்பால் வர்ணனை, அடுத்தது செய்தி. இரண்டையும் முந்தின நாளே டவுன்லோடு செய்து வைக்க முடியாது. எங்கோ ஓர் அரங்கத்தில் அந்த நிமிடம் நடக்கிற ஆட்டத்தை ஒருவர் உங்களுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறார். இருட்டில் தனியாக ஓட்டுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று எனக்குத் தெரியும். அதைத் தண்டம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் மனைவியை ஒருமுறை அந்தச் சாலையில் இரவில் கூட்டிக்கொண்டு போங்கள். ஃபோன் கைவிட்ட பிறகு ஆட்டம் தொடர்ந்து கேட்பதை அவர் காதால் கேட்டால், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இலவசமாகக் கிடைப்பதையும் முயன்று பார்த்தீர்களா? மார்ஃபா ஊரின் பொது வானொலி 93.5-இல் இருக்கிறது, மிட்லாண்ட், ஒடெசா பக்கம் அவர்களே 91.3-இல் ஒலிபரப்புகிறார்கள். நல்ல செய்தி, விளம்பரத் தொல்லை இல்லை. ஏ.எம். பொத்தானையும் மறந்துவிடாதீர்கள். சூரியன் மறைந்த பிறகு ஏ.எம். அலைகள் மேல் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் போகும். சான் ஆன்டோனியோவின் 1200 நிலையம் 50,000 வாட் சக்தி கொண்டது, இரவில் உங்கள் பக்கம் பிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு வாரம் சேட்டிலைட் ரேடியோவைத் தொடாமல் இவற்றை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். குறை தெரியவில்லை என்றால் சந்தாவை மறந்துவிடலாம்.

இனி விலை. இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். கடிதத்தில் போட்டிருக்கும் முழு விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ட்ரையல் முடிந்து சில வாரம் பேசாமல் இருந்தாலே ஆறு மாதத்துக்கு இவ்வளவு, ஒரு வருடத்துக்கு இவ்வளவு என்று மாதம் ஐந்தாறு டாலர் கணக்கில் சலுகை வருவது அந்த ஊரில் கார் வைத்திருக்கும் பலருக்கும் பழகிய விஷயம். அந்தச் சலுகையில் பேஸ்பால் ஆட்டங்கள் சேர்த்தியா என்று முதலில் கேளுங்கள். மலிவான திட்டங்களில் விளையாட்டு முழுவதும் இருக்காது. ஆட்டம் இல்லாத திட்டம் உங்களுக்கு எதற்கு?

அடுத்து, சொல்லும் விலை வேறு, பில்லில் வரும் தொகை வேறு. இசை சேர்ந்த திட்டங்களில் ராயல்டி (பாட்டின் உரிமைத்தொகை) கட்டணம் என்று தனியாக ஒரு வரியைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வந்திருக்கிறார்கள். அது சந்தாவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே. 20 டாலர் என்று பேசி முடித்தால் 24-ஐத் தாண்டும், அதற்கு மேல் வரி. அதனால் "எல்லாம் சேர்த்து என் கார்டில் எவ்வளவு எடுப்பீர்கள்?" என்று ஒரே எண்ணாகக் கேட்டு வாங்குங்கள்.

சலுகைக் காலம் முடிந்ததும் முழு விலைக்குத் தானாகவே மாறிவிடும். அதை நிறுத்துவது எளிதாக இருக்கவில்லை என்பதற்கு நீதிமன்றமே சாட்சி. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டீஷியா ஜேம்ஸ் 2023 டிசம்பரில் இந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். சந்தாவை ரத்து செய்யத் தொலைபேசியில் சராசரியாக 11.5 நிமிடமும், இணைய உரையாடல் வழியாக 30 நிமிடமும் ஆனதாக அவர் அலுவலகம் சொன்னது. ரத்து செய்ய எளிய வழி தராததால் கூட்டாட்சிச் சட்டத்தை மீறியிருக்கிறது என்று 2024 நவம்பரில் நியூயார்க் நீதிபதி தீர்ப்பளித்தார். நீங்கள் டெக்சாஸில் இருக்கிறீர்கள், ஆனாலும் விஷயம் ஒன்றுதான். சந்தா எடுக்கும் அன்றே, அது முடியும் தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஃபோனில் நினைவூட்டல் வையுங்கள். அழைத்துப் பேசும்போது காரணம் விளக்காதீர்கள். விளக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு பதில் இருக்கும். "ரத்து செய்ய வேண்டும்" என்ற ஒரே வாக்கியத்தைப் பொறுமையாகத் திரும்பச் சொல்லுங்கள். நடுவில் பழைய சலுகை விலையையே மறுபடி தருவதாகச் சொன்னால், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். காரை விற்கும் நாள் வந்தால் அப்போதும் இதை முதலில் முடியுங்கள். கார் போய்விட்டது என்பதற்காகக் கார்டில் பணம் எடுப்பது தானாக நிற்காது.

உங்கள் அப்பாவின் வேர்ல்ட்ஸ்பேஸ் விஷயத்துக்கு வருகிறேன், அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. கிழக்குப் பார்த்த ஜன்னலில் அந்தச் சின்ன ஆன்டெனாவை வைத்துவிட்டு, கர்நாடக சங்கீதத்துக்கு ஸ்ருதி, தமிழ்ப் பாட்டுக்கு கே.எல். ரேடியோ என்று விளம்பரமே இல்லாமல் கேட்ட வீடுகள் நம் ஊரில் எத்தனை! 2000-இல் ஏவிய ஏசியாஸ்டார் செயற்கைக்கோள் 105 பாகை கிழக்கில் நின்றது, அதனால்தான் அந்தக் கிழக்கு ஜன்னல். தாய் நிறுவனம் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக்கு மனுப்போட்டது. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியச் சேவை நின்றது. முன்பணம் கட்டியிருந்தவர்கள் கைவிடப்பட்டார்கள்.

அங்கே நடந்தது இங்கேயும் நடக்குமா? அடிப்படையே வேறு. வேர்ல்ட்ஸ்பேஸ் வீட்டு ஜன்னலோடு நின்றுவிட்டது, ஓடும் காருக்குள் வரவே இல்லை. அமெரிக்காவில் தொடக்கம் முதலே கார்தான் சந்தை. கார் கம்பெனியே ரிசீவரைப் பொருத்தி அனுப்புகிறது, நீங்கள் தனியாக ஒரு பெட்டி வாங்கவில்லை. எக்ஸ்எம் 2001-இலும் சிரியஸ் 2002-இலும் தொடங்கி, 2008-இல் ஒன்றாகின. 2009 தொடக்கத்தில் அதுவும் திவால் விளிம்புவரை போய், லிபர்ட்டி மீடியா என்ற நிறுவனம் கொடுத்த 53 கோடி டாலர் கடனால் பிழைத்தது. இன்று மூன்று கோடிக்கு மேல் சந்தாதாரர்கள். நாளைக்கே மூடிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் முன்பணம் எந்தக் கம்பெனிக்கும் கட்டாதீர்கள்.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போது ட்ரையலை முடியவிடுவேன். கார்டு எண் எதுவும் கொடுக்கமாட்டேன். பேஸ்பால் பருவம் மார்ச் கடைசியில் தொடங்கி அக்டோபர்வரை போகிறது. அதை ஒட்டி, எல்லாம் சேர்த்து மாதம் 8 டாலருக்குள், ஆட்டங்களோடு ஆறு மாதச் சலுகை வந்தால் எடுப்பேன். பருவம் முடிந்ததும் நிறுத்துவேன். 15 டாலருக்கு மேல் கேட்டால் 91.3-ம் டவுன்லோடு செய்த பாட்டும் போதும்.

ஒன்று மட்டும் அக்காவாகச் சொல்கிறேன். 285-ஐ அந்தப் பக்கத்து ஆட்கள் மரணச் சாலை என்று சொல்வது எண்ணெய் லாரிகளோடு நடக்கும் விபத்துகளால். ரேடியோ துணைக்கு வரும், தூக்கத்தை விரட்டாது. கண் சொருகினால் ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் பேகோஸில் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் தூங்குங்கள். வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள், அங்கே சிக்னல் இருக்கும்.

அலமாரியில் இருக்கும் ரிசீவரைத் தூக்கிப் போட வேண்டாம். செயற்கைக்கோள் ஒலிபரப்பு அதில் இனி வராது. ஆனால் தொடக்க காலத்தில் ஹிட்டாச்சி, பானாசோனிக், ஜேவிசி, சான்யோ செய்த பெட்டிகளில் சிலவற்றில் சாதாரண எஃப்.எம்., ஏ.எம். ரேடியோவும் சேர்ந்தே இருந்தது. பேண்ட் மாற்றும் பொத்தான் இருக்கிறதா என்று அப்பாவை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அடாப்டரைச் செருகி, எஃப்.எம்.மில் வைத்து, கோவை வானொலி நிலையத்தைத் தேடச் சொல்லுங்கள். அதற்குச் சந்தா கிடையாது.