நாஸ் பெட்டி பூட் ஆகவில்லையா? முதலில் அடாப்டரைப் பாருங்கள்

கேள்வி: 2014இல் வாங்கிய இரண்டு டிஸ்க் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி). கரண்ட் போய் வந்ததிலிருந்து நீல விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. பீப் சத்தமும் இல்லை, நெட்வொர்க்கிலும் தெரியவில்லை. அடாப்டரை மல்டிமீட்டரில் பார்த்தால் 12 வோல்ட் சரியாக வருகிறது. போர்டு போய்விட்டது என்கிறார்கள் கடையில். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான்.
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: லோடு இல்லாமல் 12 வோல்ட் காட்டுவதை நம்பாதீர்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் லைனில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் 4. அடாப்டருக்குள் கெபாசிட்டர் காய்ந்திருந்தால் அந்த நேரத்தில் வோல்டேஜ் சரிந்துவிடும், பெட்டி பூட் ஆகாமல் திணறும்.

பிளக்கைப் பிடுங்கி, டிஸ்க்குகளில் 1, 2 என்று எழுதி ஒட்டிவிட்டு வெளியே எடுங்கள். காலிப் பெட்டியை ஆன் செய்யுங்கள். பீப் வந்தால் போர்டுக்கு உயிர் இருக்கிறது, சந்தேகம் அடாப்டர் மேல்தான். புதிதாக வாங்கும்போது வோல்டேஜ் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். பிளக் முனையிலுள்ள துளையின் விட்டம் 2.1 மி.மீ.யா 2.5 மி.மீ.யா என்று அளந்து வாங்குங்கள். நான்கு பின் உருண்டை பிளக் என்றால் பிளஸ், மைனஸ் எந்தப் பின்னில் என்று பார்க்காமல் சொருகவே கூடாது. மாறினால் நல்ல போர்டும் போய்விடும்.

காலிப் பெட்டியும், நல்ல அடாப்டர் போட்ட பிறகும், எழவில்லையா? அப்போதுதான் போர்டு. அப்போதும் படங்கள் பத்திரமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் மிரர் முறையில், அதாவது ரெய்டு 1இல், போட்டிருந்தால் ஒரு டிஸ்க்கே போதும். அதை ஒரு கணினியின் சாட்டா போர்ட்டில் மாட்டி, பென் டிரைவிலிருந்து உபுண்டுவை (லினக்ஸ் இயங்குதளம்) ஓட்டி, நாஸ் டிஸ்க்கைப் படிக்க உதவும் எம்டிஏடிஎம் (mdadm), எல்விஎம்2 (lvm2) என்ற இரண்டு மென்பொருள்களையும் நிறுவி, ரீட்-ஒன்லியாக (எதையும் எழுதாமல் படிக்க மட்டும்) மவுண்ட் செய்து வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுங்கள். இன்னொன்றைத் தொடாமல் வையுங்கள். விண்டோஸில் மாட்டினால் ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்கும். எத்தனையோ வீடுகளின் படங்கள் அந்த ஒரு ‘யெஸ்’ஸில் போயிருக்கின்றன. தகவலை இரண்டு டிஸ்க்கிலும் பிரித்துப் போடும் ரெய்டு 0 என்றால் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாக வேண்டும்.

டிஸ்க்கில் ‘டிக் டிக்’ சத்தம் கேட்டால் மறுபடி கரண்ட் கொடுக்காமல் டேட்டா மீட்பு நிலையத்துக்கு எடுத்துப் போங்கள்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் வீடு. நாஸ் ஃபேன் கரகரக்கிறது, ஒரு டிஸ்க் அவ்வப்போது காணாமல் போகிறது.
– வாசகி, புதுச்சேரி

பதில்: உப்புக் காற்றின் வேலையாக இருக்கலாம். பெட்டியை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்துங்கள். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு சாட்டா முனைகளைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். அப்படியும் காணாமல் போனால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் (SMART) பட்டியலில் 197ஆம் எண்ணை, அதாவது படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் ‘பெண்டிங் செக்டர்’களைப் பாருங்கள், பூஜ்யத்துக்கு மேல் போயிருந்தால் காப்பி எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். ஃபேனுக்கு எண்ணெய் விடுவது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். அதே அளவு, அதே வோல்ட், அதே ஒயர் வரிசை உள்ள புது ஃபேன் போடுங்கள். பெட்டியைத் திறந்த கையோடு போர்டில் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி இருந்தால் அதையும் மாற்றிவிடலாம்.