ஃபாலுன் சுரங்கம் தந்த சிவப்பு

அன்புள்ள தம்பி, சுவீடனின் டாலர்னா மாகாணத்தில் நீங்கள் வாங்கிய பழைய மரவீட்டின் நிறத்தை அயலவர்கள் ‘ஃபாலு ரோட்’ என்கிறார்கள் என்றும், ‘ரோட்’ சிவப்பு என்று தெரிந்தாலும் ‘ஃபாலு’ எங்கிருந்து வந்ததென்று விளங்கவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். அது உங்கள் மாகாணத்திலேயே இருக்கும் ஃபாலுன் நகரின் பெயர். இன்னொரு சொல்லோடு சேரும்போது அதன் இறுதி ‘ன்’ விழுந்துவிடும்.

ஃபாலுனில் பல நூற்றாண்டுகள் செம்பு வெட்டிய சுரங்கம் 1992இல் மூடப்பட்டு, 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1687இல் சுரங்கம் இடிந்து சரிந்ததில் உருவான அதன் மாபெரும் பள்ளத்தை இந்தக் கோடையிலேயே குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். செம்பு குறைவென்று ஒதுக்கிக் கொட்டிய கற்கள் மழையிலும் காற்றிலும் நெடுங்காலம் கிடந்து உதிர்ந்து, இரும்பு மிகுந்த மண்ணாக மாறின. அந்த மண்ணைக் கழுவிச் சூளையில் சுடும்போதுதான் சிவப்பு பிறக்கிறது; சூடு ஏற ஏற நிறமும் கருஞ்சிவப்பை நோக்கிப் போகும்.

16ஆம் நூற்றாண்டில் மூன்றாம் யோஹான் மன்னர் அரண்மனைக் கூரைக்கு இந்தச் சிவப்பைக் கேட்டிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில், செங்கல் மாளிகை கட்ட வசதியில்லாத பிரபுக்கள் தங்கள் மரவீடுகள் செங்கல்லாகத் தோன்றட்டும் என்று இதைப் பூசினார்கள். குடியானவர்களின் வீடுகளுக்கு இது பரவலாக வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான் என்பதால், சுவீடன் கிராமம் என்றதும் நாம் நினைக்கும் சிவப்பு வீடு அவ்வளவு பழையதல்ல.

இந்தப் பெயர் நிறத்தோடு ஒரு குறிப்பிட்ட பூச்சையும் குறிப்பதை, பூச்சு வாங்கும் முன் தெரிந்துகொள்வது மிக அவசியம். உண்மையான ஃபாலு பூச்சு அந்த மண்தூளோடு தண்ணீர், கோதுமையை ஒத்த ரை தானியத்தின் மாவு, இரும்பு சல்பேட், ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சுவது. ஈரம் வெளியேற இடம் கொடுப்பதால் மரம் உள்ளுக்குள் உளுத்துப்போகாது. அதே சிவப்பில் விற்கும் பிளாஸ்டிக் பெயின்ட் இந்த வேலையைச் செய்யாது. சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள்: செந்தூள் ஒட்டினால் பெரும்பாலும் பழைய ஃபாலு பூச்சுதான், தளர்ந்த தூளைக் கடினமான தூரிகையால் தட்டிவிட்டு அதன்மேலேயே மீண்டும் பூசலாம். ஒட்டாவிட்டால் முன்பு யாரோ எண்ணெய்ப் பூச்சோ பிளாஸ்டிக் பூச்சோ அடித்திருக்கக்கூடும். அதை முழுதும் சுரண்டி எடுத்து மரத்தை வெளிக்கொணராமல் ஃபாலு பூச்சுக்குச் செலவு செய்யாதீர்கள், அது பிடிக்காது.