ஆற்றங்கரையில் 19 நாட்கள்

அன்புள்ள ஐயா,

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை தனியாக வள்ளம் வலித்துப் போனதைப் பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். தேவிபட்டினம் தாண்டியதும் வலது கை வீங்கிவிட்டது என்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே பாம்பன் பாலத்துக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அந்த வலியை எப்படித் தாண்டினீர்கள்? வரும் மாசியில் அதே வழியில் போக நானும் பயிற்சி எடுக்கிறேன். ஒரு மாதமாகத் தோள் வலி. மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்கிறேன். பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றிய அபிலாஷ் டோமி மாதிரி ஆட்களை நினைத்தால் நிறுத்த மனசு வரவில்லை.

பரமக்குடி வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

கேட்டது நல்லதாயிற்று. அந்த இரண்டு பத்திகளுக்கு நடுவே 19 நாட்கள் இருக்கின்றன. அவற்றை எழுதாமல் விட்டது என் தவறு.

தேவிபட்டினம் வரை கரை தெற்கே இறங்கும். அங்கிருந்து பாம்பனுக்குக் கிழக்கே திரும்ப வேண்டும். வடக்கிலிருந்து வரும் வாடை ஓய்ந்திருந்தது, ஆனால் கிழக்கிலிருந்து வரும் கொண்டல் நேர் எதிரே அடித்தது. எதிர்காற்றில் தண்டின், அதாவது துடுப்பின், பலகை காற்றைப் பிடிக்காமலிருக்க, ஒவ்வொரு இழுப்பு முடிந்ததும் மணிக்கட்டை மடித்து அதைப் படுக்கையாகத் திருப்ப வேண்டும். ஈரத்தில் பிடி வழுக்குகிறதே என்று நான் இன்னும் இறுக்கினேன். மதியத்துக்குள் மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே தடித்துவிட்டது. இடது கட்டைவிரலை அங்கே வைத்துக்கொண்டு வலது கையை மடக்கினால், தோலுக்கு அடியில் புதுத் தோல்செருப்பு மாதிரி நறநறவென்றது. தசைநாணும் அதைச் சுற்றிய உறையும் உரசி வீங்கும்போது அப்படித்தான் இருக்கும். துடுப்புப் போடுகிறவர்களுக்கு வழக்கமாக வருவது. அன்று எனக்கு அது தெரியாது. மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு மேலும் இரண்டு மணி நேரம் வலித்தேன். வள்ளத்தை வலிப்பதற்கும் கை வலிப்பதற்கும் நம்மிடம் ஒரே சொல்தானே. அந்த மதியம் இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. மாத்திரை வலியை மறைத்தது, உரசலை நிறுத்தவில்லை. சாயங்காலம் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை.

அப்புறம் இறங்கி நடந்தேன். வடகடல், அதாவது பாக் விரிகுடா, அந்தப் பக்கம் வெகுதூரம் இடுப்பளவுதான். கயிற்றை இடது தோளில் போட்டு வள்ளத்தை இழுத்துக்கொண்டு, வைகை கடலில் சேருகிற ஆற்றங்கரைக்கு வந்தேன். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர், "திருக்கை கிடக்கும், காலைத் தூக்கி வைக்காதே, தேய்ச்சு நட" என்று கத்தினார். அவர்தான் என் கையைப் பிடித்துப் பார்த்தவர். "தண்டு எங்கேயும் ஓடிப்போகாது தம்பி. எதுக்கு இந்த நெரி நெரிக்கிறே?" என்றார். தன் கையைக் காட்டினார். நாலு விரலும் கொக்கி மாதிரி தண்டில் தொங்கின. கட்டைவிரல் சும்மா இருந்தது.

அடுத்த நாளே கிளம்பியிருக்கலாம் என்று எனக்கு அப்போதும் ஆசை. தடுத்தது பாம்பனுக்குத் தெற்கே உள்ள தென்கடல், மன்னார் வளைகுடா. பாம்பன் கால்வாயில் நீரோட்டம் இழுக்கும்போது ஒரு கையால் ஒன்றும் செய்ய முடியாது. தாண்டிவிட்டால் தூத்துக்குடி வரை 21 தீவுகள், ஆனால் 1986 முதல் அது தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. கை விட்டுப்போனால் ஒதுங்க அந்தத் தீவுகளை நம்ப முடியாது.

ஆகவே கட்டை வைத்துக் கட்டிய கையோடு ஆற்றங்கரையிலேயே இருந்தேன். சோழகம் என்கிற தெற்குக் காற்று முந்திக்கொள்ளுமோ என்ற பயம் தினமும் இருந்தது. இடது கையால் தண்டுப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கினேன். பிடி பருத்தால் இறுக்கத் தேவையில்லை. கட்டைப் பிரித்த பிறகு பெரியவருடைய பிடியைக் கரையோரத்திலேயே பழகினேன். 20ஆம் நாள் காலையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். நறநறப்பு இல்லை.

அபிலாஷ் டோமியைச் சொன்னீர்கள். தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில், 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, எழுந்து நடக்க முடியாத நிலையில் அவர் உதவி கேட்டார். மூன்றாம் நாள் வந்து மீட்டார்கள். முதுகில் டைட்டானியம் வைத்து, நடக்கப் பழகி, அதே போட்டிக்கு 2022இல் திரும்பிப் போனார். 2023 ஏப்ரலில் 236 நாட்கள் ஓட்டி இரண்டாவதாக வந்து சேர்ந்தார். நீங்கள் அவருடைய 2023ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். படகை விட்டு இறங்கிய 2018ஐயும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கைக் கொப்புளம், உட்கார்ந்த இடத்து உப்புப்புண், இரண்டோடும் நான் மூக்கையூர் வரை போனேன். அவை எரியும், அவ்வளவுதான். உங்கள் தோள் அந்த வகை இல்லை என்று பயப்படுகிறேன். ஒரு மாதம் நீடித்திருக்கிறது, மாத்திரை இல்லாமல் முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா? கையைத் தலைக்கு மேலே தூக்கும்போது நடுவில் சுரீரென்கிறதா? பயிற்சியை இன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை போடாத நாளில் போங்கள், அப்போதுதான் எங்கே வலிக்கிறது என்று அவருக்குச் சரியாகத் தெரியும்.

அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். டியூப் சுற்றிய தண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. படம் எடுத்து அனுப்புகிறேன்.