இறக்கத்தில் விழுகிற சைக்கிள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

மே மாதம் மழை பிடித்ததிலிருந்து எனக்கு வருவதெல்லாம் சைக்கிளில் விழுந்த கதைகள்தான். ஹட்டன் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாகச் சைக்கிள் திருத்துகிறேன், ஓட்டவும் செய்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவாக இருப்பவற்றை எடுத்திருக்கிறேன். விழுந்த இடம் எல்லோருக்கும் ஏதோ ஒரு வளைவுதான். ஆனால் விழ வைத்த காரணம் பெரும்பாலும் அதற்கு முன்பே, இறக்கம் தொடங்கிய இடத்திலோ வீட்டு வாசலிலோ இருந்திருக்கிறது.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் நுவரெலியாவிலிருந்து கம்பளை வரை சைக்கிளில் இறங்கப் போகிறோம். புதுச் சைக்கிள், பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. வேறு ஏதும் பார்க்க வேண்டுமா? (கண்டி)

பிரேக் பிடிக்கிறது என்பதை எங்கே பார்த்தீர்கள்? கண்டி நகரத்து ரோட்டிலா? நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கம்பளை 500 மீற்றருக்கும் கீழே. ஏறக்குறைய 60 கிலோமீற்றருக்குள் அவ்வளவு உயரத்தையும் இறங்கப் போகிறீர்கள். நடுவில் சில ஏற்றங்கள் வந்தாலும், இறங்குகிற உயரமெல்லாம் கடைசியில் சூடாகத்தான் மாறும், அதில் காற்றுத் தடுத்து எடுத்துக்கொள்வது போக மீதி உங்கள் பிரேக்கில் போய்ச் சேரும். ரிம்மைக் கவ்வுகிற பிரேக் என்றால் ரிம் சுடும், உள்ளே டியூப்பில் காற்றின் அழுத்தம் ஏறும், பழைய பஞ்சர் ஒட்டு இருந்தால் அது இளகி விட்டுவிடும். இறக்கத்தில் முன் டயர் காற்றுப் போனால் ஹேண்டில் உங்கள் பேச்சைக் கேட்காது. டிஸ்க் பிரேக்காக இருந்தாலும் எண்ணெயில் இயங்குகிற வகை அளவுக்கு மீறிச் சூடானால், பிடி கை வரைக்கும் வந்தும் வண்டி நிற்காமல் போகலாம்.

ஆகவே பிரேக்கைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்னால், வண்டி இன்னும் நேராகப் போகும்போதே இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள், ரிம் கொஞ்சம் ஆறட்டும். வளைவுக்குள் போன பிறகு, வண்டி சாய்ந்திருக்கும்போது இறுக்கிப் பிடிப்பதுதான் விழ வைக்கிறது. ரம்பொடை வளைவுகளில் எதிரே வருகிற பஸ் திரும்ப முழு ரோட்டையும் எடுக்கும், அது அதன் நீளத்துக்குத் தேவை, அதனால் வளைவுக்கு அப்பால் பஸ் வருகிறது என்று நினைத்தே ஒவ்வொன்றையும் எடுங்கள். அப்புறம் ரம்பொடைச் சுரங்கப் பாதை 225 மீற்றர் நீளம். வெளிச்சத்திலிருந்து திடீரென்று உள்ளே போனால் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது, பின்னால் வருகிறவனுக்கும் அப்படித்தான். பகலாக இருந்தாலும் விளக்கைப் போட்டுக்கொண்டு போங்கள். வழியில் நாலைந்து இடத்தில் நின்று தேத்தண்ணி குடியுங்கள், ரிம்முக்கும் கைக்கும் ஓய்வு கிடைக்கும். உடனே டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

கேள்வி: முன் பிரேக் பிடித்தால் தலைகீழாகக் கவிழும் என்று அப்பா சொல்வார். அதனால் அதைக் கழற்றியே வைத்திருக்கிறேன். சரிதானே அண்ணே? (பண்டாரவளை)

சரியில்லை தம்பி. இன்றைக்கே மாட்டிவிடுங்கள். பிரேக் பிடித்ததும் பாரத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போகிறது, இறக்கத்தில் இன்னும் அதிகமாகப் போகிறது. பின் சக்கரம் லேசாகிவிடும், அதை எவ்வளவு இறுக்கினாலும் சறுக்குமே தவிர நிற்காது. வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். அப்பா சொன்னதிலும் உண்மை இருக்கிறது, முன் பிரேக்கை மட்டும் திடீரென்று முழுசாக இழுத்தால் கவிழும். ஆட்களில்லாத ரோட்டில் மெதுவாகப் போய், உடம்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக இறுக்கிப் பழகுங்கள். எந்தக் கைப் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பதையும் பாருங்கள், வேறு ஒருவருடைய சைக்கிளை இரவலாக எடுக்கும்போது இது மாறியிருக்கலாம்.

கேள்வி: மழைக்குள் பிரேக் பிடித்தேன், பிடிக்கவே இல்லை, நின்றிருந்த ஓட்டோவில் போய் முட்டினேன். பிரேக் கட்டை போன மாதம்தான் மாற்றினேன். (புசல்லாவை)

கட்டையில் பிழை இல்லை. உங்கள் ரிம் பளபளக்கிற இரும்பு ரிம்மா? அது நனைந்தால் றப்பர் கட்டை அதில் வழுக்கும். முதலில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கும், அதற்குள் சக்கரம் பல சுற்றுச் சுற்றிவிடும். அலுமினிய ரிம்மில் இது குறைவு, இல்லாமல் இல்லை. மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே கட்டையை ரிம்மில் மெல்ல உரச விட்டுத் தண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தையும் கணக்குப் போடுங்கள். மணிக்கு 30 கிலோமீற்றரில் போனால் ஒரு செக்கனில் 8 மீற்றருக்கு மேல் போய்விடுகிறீர்கள், ஓட்டோவைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு செக்கன் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்காகும். அது சமதரையில், காய்ந்த ரோட்டில். ஈரத்தில், இறக்கத்தில் இன்னும் கூடும்.

எனக்கு 19 வயதில் நடந்ததையும் சொல்கிறேன். தேயிலை ஃபெக்டரிக்குக் கீழே ஒரு வளைவு, பிரேக் வயர் அறுந்தது. பிடிக்குள் மறைந்திருக்கிற அந்த முனையில் வயரின் இழைகள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து அறுந்துகொண்டு வந்திருக்கின்றன, நான் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. தோள் எலும்பு முறிந்து ஆறு கிழமை வேலை இல்லாமல் இருந்தேன். அன்றிலிருந்து கடைக்கு என்ன வேலைக்கு வருகிற சைக்கிளாக இருந்தாலும் அந்த முனையை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறேன். ஓர் இழை பிரிந்திருந்தாலும் வயரை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நான் எப்போதும் இடது ஓரத்தை ஒட்டியே போகிறவன். போன கிழமை பஸ் முந்தும்போது கானுக்குள் விழுந்துவிட்டேன். இதைவிட ஓரமாக எப்படிப் போவது? (தலவாக்கலை)

இதைவிட ஓரமாகப் போகவே கூடாது. தார் மேல் தார் போட்டு ரோட்டின் விளிம்பு பல இடங்களில் சாண் உயரத்துக்கு நிற்கிறது, அதற்கு அப்பால் மூடியில்லாத கான். ஒரு முறை சக்கரம் விளிம்பை விட்டு இறங்கிவிட்டால் சாய்ந்து மேலே ஏற்ற முடியாது. ஓரம் என்பது மழை கொண்டுவந்த மண்ணும் சரளையும் டர்பன்டைன் மரத்து இலையும் சேருகிற இடமும்கூட. நீங்கள் விளிம்பில் போனால், இடம் இருக்கிறது என்று நினைத்து இடமில்லாத இடத்திலும் பஸ் முந்தப் பார்க்கும். விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே, நேர் கோட்டில் போங்கள். பின்னால் வாகனம் வருவது கேட்டால், அகலமான இடம் பார்த்து நின்று வழி விடுங்கள், மலை ரோட்டில் அது வெட்கப்படுகிற காரியம் இல்லை.

இன்னொன்று, இதை எல்லோருக்கும் சொல்கிறேன். இடது பக்கம் திரும்புகிற பஸ்ஸுக்கோ லொறிக்கோ இடது பக்கத்தில் ஒரு நாளும் புகாதீர்கள். நீண்ட வாகனத்தின் பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். டிரைவருக்கு அந்த மூலை கண்ணாடியிலும் தெரியாது. நின்றுகொண்டிருந்தாலும் பின்னாலேயே நில்லுங்கள். டவுனுக்குள் வரும்போது ஓரத்தில் நிற்கிற வேன் கதவு திடீரென்று திறக்கும், அதற்கும் ஒரு கதவின் அகலம் விட்டே போங்கள்.

கேள்வி: மகன் ஆறரை மணிக்கே பாடசாலைக்குச் சைக்கிளில் போகிறான், தங்கச்சியை முன் பாரில் ஏற்றிக்கொண்டு. பனி மூட்டத்தில் ஒன்றும் தெரிவதில்லை. பயமாக இருக்கிறது ஐயா. (லிந்துலை)

உங்கள் பயம் நியாயமானது அம்மா. மகனுக்கு ரோடு தெரிகிறதா என்பதைவிட லொறிக்காரனுக்கு மகன் தெரிகிறானா என்பதுதான் பெரிய கேள்வி. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் பகலிலும் எரியட்டும். டைனமோ விளக்கு சைக்கிள் நின்றால் அணைந்துவிடும், ஆகவே பின்னால் பெட்டரி விளக்காக இருப்பது நல்லது. புத்தகப் பையில் ஒளியைத் திருப்பி அடிக்கிற பட்டி ஒன்றைத் தைத்துவிடுங்கள், கறுப்பு மழைக் கோட்டு வேண்டாம்.

தங்கச்சியைப் பாரில் ஏற்றுவதை நிறுத்திவிடுங்கள். பாரம் கூடினால் வண்டி நிற்க நேரம் எடுக்கும், ஹேண்டிலைத் திருப்பவும் இடம் போதாது, சின்னப் பிள்ளையின் கால் முன் சக்கரக் கம்பிக்குள் போனால் இரண்டு பிள்ளைகளும் விழுவார்கள். அந்தக் காயத்தை நான் பார்த்திருக்கிறேன். கடும் பனி நாட்களில் இறக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பிந்தினால் பரவாயில்லை.

கேள்வி: மரக்கறி மூட்டையைப் பின்னால் கட்டினால் சைக்கிள் ஆடுகிறது. (வெலிமடை)

மூட்டை உயரமாக இருக்கிறது. இரண்டு பையாகப் பிரித்து, சக்கரத்தின் இரண்டு பக்கமும் தாழ்வாகக் கட்டுங்கள். ஹேண்டிலில் பை தொங்கவிடாதீர்கள். கயிற்று நுனி செயினுக்குள் போகாமல் முடியுங்கள்.

கேள்வி: ரயில் கடவையில் தண்டவாளத்துக்குள் சக்கரம் மாட்டி விழுந்தேன். (நானுஓயா)

தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்திருப்பீர்கள். முடிந்தவரை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும், அதன் மேல் பிரேக்கும் பிடிக்கக் கூடாது. மழை நாளில் இறங்கித் தள்ளுங்கள்.

கேள்வி: தம்பி விழுந்து தலையில் அடி. எழுந்து நன்றாகப் பேசினான், பின்னேரம் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டுத் தூங்குகிறான். காலையில் காட்டினால் போதுமா? (கொட்டகலை)

போதாது. இதற்கு நான் உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாக இருந்து, பிறகு வாந்தி, தாங்க முடியாத தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுத் தடுமாற்றம் என்று வந்தால் மண்டைக்குள் இரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். விடியும் வரை காத்திருக்கக் கூடாது. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்துக்குள் இருக்கிறவர்கள் டிவிஷன் பெயரையும், மெயின் ரோட்டில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள், ஓர் ஆளை டோர்ச்சோடு சந்திக்கு அனுப்புங்கள். கழுத்து வலிக்கிறது என்று சொல்கிறவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். அவர் போட்டிருந்த ஹெல்மட்டில் வெடிப்புத் தெரியாவிட்டாலும் அதைத் திரும்பப் பாவிக்க வேண்டாம், உள்ளே இருக்கிற நுரை ஒரு அடிக்குத்தான் தாங்கும்.