வண்டி இறங்கிய பிறகு என்ன வேலை? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். செவ்வாய்க் கோளில் ஆளில்லாமல் ஓடும் ரோவர் வண்டிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ரோவர் வேலையில் சேர வேண்டும் என்று ஆசை. ஆனால் வகுப்பு நண்பர்கள், "ராக்கெட் கிளம்பும் நாளோடு மெக்கானிக்கல்காரன் வேலை முடிஞ்சுது, அப்புறம் எல்லாம் சாஃப்ட்வேர்தான்" என்கிறார்கள். வீட்டிலும் கம்ப்யூட்டர் பக்கம் மாறிவிடச் சொல்கிறார்கள். வண்டி அங்கே போய் இறங்கிய பிறகு அதை யாரும் தொடக்கூட முடியாதே! அப்புறம் இயந்திரப் பொறியாளருக்கு என்ன வேலை இருக்கும்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொட முடியாத தூரத்தில் நிற்பதால்தான், அந்த இயந்திரத்தை உள்ளும் புறமும் அறிந்த ஆட்கள் அதன் கடைசி நாள் வரை தேவைப்படுகிறார்கள். ஒரே ஒரு டிரில்லின் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் அதில் இருக்கிறது.

நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் 2012 ஆகஸ்ட்டில் செவ்வாயில் இறங்கியது. கிட்டத்தட்ட 900 கிலோ எடை. பாறையைத் துளைத்துப் பொடி எடுத்து, தன் வயிற்றுக்குள் இருக்கும் ஆய்வுக் கருவிகளுக்குக் கொடுப்பது அதன் முக்கியமான வேலை. டிரில்லின் இரண்டு பக்கமும் இரண்டு ஊன்றுகோல்கள் உண்டு. ரோவரின் கை அவற்றைப் பாறைமேல் அழுத்திப் பிடித்து அசையாமல் நிற்கும். நடுவிலிருக்கும் முனையைத் தனியாக ஒரு மோட்டார் முன்னே தள்ளும். பத்திரமான வடிவமைப்பு.

2016 டிசம்பரில் அந்தத் தள்ளும் அமைப்பு மக்கர் செய்தது. ஒருநாள் நகரும், ஒருநாள் நகராது. பிரேக் சரியாக விடுபடவில்லையோ என்ற சந்தேகம். இங்கேயென்றால் மூடியைக் கழற்றி அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம். அங்கே கையில் இருப்பது மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுத்தது, எவ்வளவு சுற்றியது என்ற எண்கள் மட்டும்தான். சோதனைகள் மாதக்கணக்கில் நடந்தன.

கடைசியில், பாசடீனாவில் இருந்து இந்த ரோவரை இயக்கும் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியின் பொறியாளர்கள் துணிச்சலான ஒரு முடிவெடுத்தார்கள். கோளாறான மோட்டார் நகரும்போதே முனையை முழுவதுமாக வெளியே நீட்டி, அப்படியே விட்டுவிடுவது. உள்ளே இழுப்பதேயில்லை. துளைக்க வேண்டுமென்றால் ரோவரின் கையே முனையைப் பாறைக்குள் அழுத்த வேண்டும்.

இதில் எத்தனை சிக்கல் என்று மெக்கானிக்கல் மாணவரான உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஊன்றுகோல்கள் இனி பாறையைத் தொடாது. இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமான கை, அதில் பல மூட்டுகள், நுனியில் கனமான கருவித் தொகுதி. கொஞ்சம் பக்கவாட்டில் விசை வந்தாலும் முனை துளைக்குள் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் கை பாறையோடு கட்டுண்டு கிடக்கும், விடுவிக்க ஆளில்லை. அந்தக் கையில் ஒரு விசை சென்சர் இருந்தது. கைக்கு அளவுக்கு மீறிய சுமை வந்தால் நிறுத்துவதற்காக வைத்தது அது. துளைக்கும்போது விசை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ள அதைப் பயன்படுத்தினார்கள். பூமியில் இருக்கும் அதே மாதிரியான நகல் ரோவரில் இதையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2018 பிப்ரவரியில் செவ்வாயில் முதல் முயற்சி. முனை சுற்றியது, போதிய ஆழம் இறங்கவில்லை. பிறகு சுத்தியல்போல் அடிக்கும் இயக்கத்தையும் சேர்த்தார்கள். மே 20ஆம் தேதி, டுலுத் என்று பெயரிட்ட பாறையில் 5 செ.மீ. ஆழத்துக்குத் துளை விழுந்தது.

அத்தோடு முடியவில்லை. முனை உள்ளே போகாது என்றால், பொடியைச் சலித்துக் கருவிகளுக்கு அனுப்பும் பெட்டிக்குப் போகும் பழைய வழியும் அடைபட்டுவிட்டது. எனவே முனையை ஆய்வுக் கருவியின் வாய்க்கு நேர்மேலே பிடித்து, டிரில்லைப் பின்னோக்கிச் சுற்றிப் பொடியை உதிர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். எவ்வளவு உதிரும்? அங்கே ஈர்ப்பு விசை நம்முடையதில் 38 சதவீதம்தான், காற்றழுத்தம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பூமியில் விழுகிற அளவை அப்படியே நம்ப முடியாது. அதையும் கணக்கிட்டு, சோதித்து, செய்து காட்டினார்கள். ஏறக்குறைய ஒன்றரை வருட உழைப்பு. அதற்குப் பிறகு கியூரியாசிட்டி இந்த முறையில்தான் பாறைகளைத் துளைத்து வருகிறது. இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது.

இப்போது சொல்லுங்கள், இது யாருடைய வேலை? செவ்வாய்க்குப் போனவை கட்டளை வரிகள்தான். அந்த வரிகளில் என்ன எழுத வேண்டும் என்பது பிரேக், கியர், வளையும் கை, பாறையின் எதிர்ப்பு ஆகியவற்றைத் தெரிந்தவர்களிடமிருந்து வந்தது.

சக்கர விஷயமும் அப்படித்தான். கியூரியாசிட்டியின் அலுமினியச் சக்கரங்களின் தோல் 0.75 மி.மீ. தடிமன்தான். நிலத்தில் உறுதியாகப் புதைந்து நின்ற கூர்மையான பாறைகள் அதைக் கிழித்தன. 2013லேயே ஓட்டைகள் தெரிந்தன. ஆறு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றினால், மேடுபள்ளத்தில் ஒரு சக்கரத்தை மற்றவை இழுக்கும், தள்ளும். சேதம் அதனால் கூடுகிறது என்று புரிந்துகொண்டு, ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் நிலத்துக்கு ஏற்ப மாற்றும் மென்பொருளை 2017இல் அனுப்பினார்கள். அடுத்த ரோவரான பெர்சிவரன்ஸுக்குத் தோலைத் தடிமனாக்கி, நிலத்தைப் பற்றிக்கொள்ளச் சக்கரத்தின்மேல் இருக்கும் பட்டைகளின் வடிவத்தையும் எண்ணிக்கையையும் மாற்றினார்கள்.

சாஃப்ட்வேரைக் குறைத்துப் பேசவில்லை. 2004இல் ஸ்பிரிட் என்ற முந்தைய செவ்வாய் ரோவர் இறங்கிய மூன்றாவது வாரத்திலேயே அதன் ஃபிளாஷ் மெமரியில் கோப்புகள் பெருகி, கம்ப்யூட்டர் விடாமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்றியவர்கள் சாஃப்ட்வேர்காரர்கள். ஆனால் அதே ஸ்பிரிட்டின் முன் வலது சக்கரம் 2006இல் நின்றுபோனபோது, பொறியாளர்கள் வண்டியைப் பின்னோக்கி ஓட்டி, செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டே போகலாம் என்று வழி கண்டார்கள். அந்தச் சக்கரம் கீறிய தடத்தில் 2007இல் வெள்ளை மண் தெரிந்தது. சுமார் 90 சதவீதம் சிலிக்கா. ஒருகாலத்தில் அங்கே வெந்நீரோ நீராவியோ இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அது பெரிய சாட்சி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் இந்த வேலைகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்குள் வருகின்றன. பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களையும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களையும்தான் எடுப்பார்கள். உங்களுக்கு நேரான பாதை இஸ்ரோ. அதன் தேர்வில் மெக்கானிக்கலுக்குத் தனி இடங்கள் உண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கி, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வரை போனவர். அந்தத் தரையிறக்கத்துக்கான சோதனைகளில் நிலவு மண்ணுக்குப் பதிலாகப் பயன்பட்டதும் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறையைப் பொடித்த மண்தான். அதிலிருந்து இறங்கி நிலவில் ஓடிய பிரக்யான் ரோவர் 26 கிலோ எடை, ஆறு சக்கரம். அதன் காலம் நிலவின் ஒரே பகல், அதாவது நம் கணக்கில் சுமார் 14 நாட்கள். இனி வரப்போகும் ரோவர்கள் வருடக்கணக்கில் ஓட வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அப்போது ரிப்பேர் தெரிந்தவர்கள் இங்கேயும் நிறையத் தேவைப்படுவார்கள்.

ஆகவே துறை மாறாதீர்கள். நிரல் எழுதக் கூடவே கற்றுக்கொள்ளுங்கள், அது இல்லாமல் இந்த வேலையில் பேசவே முடியாது. பாடங்களில் அதிர்வுகளையும் உராய்வையும் மசகையும் கவனமாகப் படியுங்கள். செவ்வாயின் இரவுக் குளிரில் கிரீஸ் கெட்டியாகிவிடும், காலையில் ஹீட்டர் போட்டுச் சூடாக்கிய பிறகே சக்கரம் சுற்றும். கல்லூரிப் பட்டறையில் பழைய மோட்டார் ஒன்று கிடைத்தால் பிரித்து மாட்டுங்கள். பிறகு மூடியைத் திறக்காமல், அது இழுக்கும் மின்னோட்டத்தை மட்டும் அளந்து, உள்ளே பிரேக் உரசுகிறதா, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிப் பாருங்கள். செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். வீட்டில் இந்தப் பதிலைக் காட்டினாலும் எனக்கு மகிழ்ச்சியே.

அன்புடன்.