இரவு இரண்டு மணிக்கு ஐயா எடுத்த வருகைப் பதிவு

அன்புள்ள அம்மா,

என் ஐயா சென்ற ஆண்டு ஆவணியில் காலமானார். அப்பாவின் அப்பா அவர். செட்டிநாட்டில் நாங்கள் தாத்தாவை ஐயா என்றுதான் அழைப்போம். வயது 86. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் உள்ள எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் 38 ஆண்டுகள் ஆசிரியராக இருந்து, 1996-இல் ஓய்வுபெற்றவர். அடுத்த மாதம் முதலாண்டு நினைவு நாள். அன்று கொடுப்பதற்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கப் போகிறார்கள். “நீதான் அவருக்குச் செல்லம், நீயே எழுது” என்று பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்கள். மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

சொல்ல நிறைய இருக்கிறது. செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். எங்களுடையது சாதாரண ஓட்டு வீடு. திண்ணையில் மட்டும் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கும். மாலையில் அந்தத் திண்ணை நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பார்கள். ஐயா காசு வாங்கியதில்லை. பங்குனி வந்தால் காரைக்குடிக் கம்பன் விழாவுக்கு சைக்கிளில் போய்விடுவார். அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதிக்கு என்னையும் பஸ்ஸில் அழைத்துப்போவார். நான் விடுதியில் படித்தபோது வாரம் ஒரு கடிதம் வரும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு கரும்பலகையில் புதிய ‘லை’தான் எழுதினாராம். எனக்கு வந்த கடிதங்களில் மட்டும் துதிக்கை தூக்கிய பழைய ‘லை’ இருக்கும்.

இவ்வளவு இருந்தும், எழுத உட்கார்ந்தால் ஒரே ஓர் இரவுதான் கண்முன் வந்து நிற்கிறது.

கடைசி ஒன்றரை ஆண்டு அவருக்கு மறதி நோய். “யார் வீட்டுப் பிள்ளை நீ?” என்று என்னையே கேட்டார். நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து பழைய மாணவர்களின் பெயர்களை வரிசையாகக் கூப்பிடுவார். அப்பத்தா ஒவ்வொரு பெயருக்கும் “உள்ளேன் ஐயா” என்பார். பதில் வராவிட்டால் அதே பெயரை மறுபடியும் கூப்பிடுவார். எல்லாப் பெயரும் முடிந்ததும் தூங்கிவிடுவார். அவர் போவதற்கு நான்கு நாள் முன்பு நான் ஊரில் இருந்தேன். அப்பத்தாவுக்குக் காய்ச்சல் என்பதால் ஐயாவுக்குப் பக்கத்தில் நான் படுத்தேன். இரண்டு மணிக்குக் கூப்பிட ஆரம்பித்தார். ஒரே பெயர், மூன்று முறை. “பள்ளிக்கூடமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, பேசாமல் படுங்கள்” என்று கத்திவிட்டேன். பயந்துபோய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் எந்தப் பெயரையும் கூப்பிடவில்லை. மறுநாள் நான் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

“86 வயது, கல்யாணச் சாவு. இன்னும் என்ன அழுகை?” என்கிறார் அப்பா. வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன். இரவு இரண்டு மணிக்கு மட்டும் தவறாமல் விழிப்பு வந்துவிடுகிறது. எனக்கு ஏதாவது நோயா? நான் எப்படி எழுதுவேன்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

அன்பு மகளே,

கல்யாணச் சாவு என்ற சொல் உங்கள் ஐயாவின் வாழ்வைப் பற்றியது. நிறைய ஆண்டு இருந்து, பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போனார் என்று ஊர் மெச்சுகிற சொல் அது. வாராவாரம் கடிதம் எழுதிய ஒருவரை இழந்த பேத்தி எத்தனை நாள் அழலாம் என்பதற்கு அதில் கணக்கு கிடையாது. உங்கள் அப்பாவும் தகப்பனை இழந்தவர். அந்தச் சொல்லை அவர் தனக்கே சொல்லிக்கொள்கிறாரோ என்னவோ.

நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். நீடித்த துயரத்தை உலக சுகாதார நிறுவனம் ஒரு கோளாறாகவே பட்டியலிட்டிருக்கிறது. இழப்புக்குப் பின் ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் தணியாமல், அன்றாட வாழ்க்கையே குலைந்துபோகும் நிலை அது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் ஓராண்டாகத் தூக்கம் கலைவதை அப்படியே விடக் கூடாது. ஒருமுறை மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அதுவரை பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை.

இனி அந்த இரவு. நீங்கள் கத்தியது சரிதான் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். நீங்களும் நம்ப மாட்டீர்கள். மறதி நோயில் புதிதாக நடப்பவைதான் முதலில் அழியும். நீங்கள் சொன்ன வார்த்தைகள் காலைவரை அவரிடம் தங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்தப் பயம் மட்டும் சிறிது நேரம் இருந்திருக்கலாம், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் பெயர் கூப்பிடுவதை நிறுத்தியதற்கு நீங்கள்தான் காரணம் என்பதுபோல் எழுதுகிறீர்களே, அங்கேதான் உங்களோடு மாறுபடுகிறேன். கடைசி நாட்களில் பேச்சு குறைவதும் தூக்கம் கூடுவதும் உடல் அடங்குவதன் அடையாளங்கள். அப்பத்தாவே பக்கத்தில் படுத்திருந்தாலும் அந்த நான்கு நாள் பெரும்பாலும் அப்படித்தான் போயிருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது அந்தப் பெயர்கள். உங்களையே யாரென்று கேட்டவருக்கு அவை வரிசை மாறாமல் இருந்திருக்கின்றன. முதுமையில் நமக்கு அதிகமாக மிஞ்சுவது இளமைக்கால நினைவுகள்தான். அப்படியானால் அவர் கூப்பிட்டது 1958-ஐ ஒட்டி, இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளையாக இருக்கலாம். தலைக்கு மேல் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டுக் காட்டிப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள். பெற்றோருக்குத் தேதி தெரியாததால் ஆசிரியரே பிறந்த நாள் குறித்துக் கொடுத்த பிள்ளைகள். என் சான்றிதழில் இருக்கும் ஜூன் மாதப் பிறந்த நாளும் ஓர் ஆசிரியர் போட்டதுதான். வருடாவருடம் அந்தத் தேதியில் அவர் முகம் எனக்கு வருகிறது.

அவர்களில் இருப்பவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். அவர்களைத் தேடிப் போங்கள். “ஐயா எப்படிப்பட்டவர்?” என்று கேட்காதீர்கள், தங்கமானவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எதற்கு அடித்தார், எந்தக் கணக்கில் கோபம் வரும், மழை நாளில் என்ன செய்வார், சைக்கிளில் என்ன தொங்கும் என்று கேளுங்கள். அடி வாங்கியவர் அதைச் சொன்னால் அப்படியே எழுதுங்கள். நீங்கள் பார்க்காத இருபது வயதுக்காரர் ஒருவர் அதிலிருந்து எழுந்து வருவார். அவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்த ஓர் இரவு அதன் அளவுக்குச் சுருங்கும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றினால் ஐயாவுக்கே ஒரு கடிதம் எழுதுங்கள், அவருடைய பழைய ‘லை’யைப் போட்டு. அது மலரில் வர வேண்டியதில்லை.

பெயர்களுக்கு எங்கே போவது என்று யோசிக்காதீர்கள். ஒன்றரை ஆண்டு, இரவுதோறும், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னவர் வீட்டிலேயே இருக்கிறார். கடிதம் முழுக்க அப்பத்தா வருகிறார், ஆனால் இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை. பதில் சொல்லிப் பழகியவருக்கு இப்போது கூப்பிடும் குரல் இல்லை. இரண்டு மணிக்கு அந்த வீட்டில் அவரும் விழித்திருப்பார் என்றே நினைக்கிறேன். இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போங்கள். தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் படுங்கள். ஐயா முதலில் கூப்பிடும் பெயர் எது என்று கேளுங்கள்.